பெரியாக்களுக்கு ஏடிஎச்டி பாக்கிற கிளினிக், வன்னியில: என்ர ரிவியூ

ஏடிஎச்டி எண்டால் கவனக்குறைவும் துருதுருப்பும் அவசரபுத்தியும் சின்னனிலயிருந்தே இருக்கிற ஒரு நிலை. அதைப் பாக்கிற, வன்னியில இருக்கிற ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின்ர மனநலக் கிளினிக்கைப் பற்றித்தான் எழுதுறன். பேர் போடேல்ல, ஏனெண்டால் குறையும் சேர்த்து எழுதப்போறன், அங்க வேலை செய்யிறதே கொஞ்சப் பேர்தான், பேரைப் போட்டால் எந்த மிஸ்ஸி எந்த டொக்டர் எண்டு ஊருக்கே விளங்கீடும். நீங்கள் கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, உங்கட மாவட்ட ஆஸ்பத்திரி ஓபிடியில போய் மனநலக் கிளினிக் எந்த நாள் எண்டு கேட்டால் காணும்.

எனக்கு முப்பது தாண்டீட்டுது, பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா வேலை. ஒரு பைலை எடுத்தால் அதை முடிக்க முதல் இன்னும் நாலு பைல் மேசையில திறந்து கிடக்கும், மீட்டிங்கில நல்லா தலையாட்டிக்கொண்டு இருந்திட்டு வெளியில வந்து பக்கத்துச் சீட் அக்காட்டை என்னவாம் சொன்னவை எண்டு கேப்பன், ஸ்கூட்டித் திறப்பு எங்க, போன் எங்க, பாங்க் புத்தகம் எங்க எண்டு தேடுறதுதான் என்ர காலமைப் பூசை. கடைசி நாள் கடைசி மணித்தியாலம் வந்தால் மட்டும் பேய் பிடிச்ச மாதிரி இருந்து செய்து முடிப்பன், அதால ஆரும் பெரிசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்ல, கெட்டிக்காரி ஆனா பொறுப்பில்லை எண்ட பேரோட காலம் ஓடினது. பேந்து டிக்டொக்கில ஏடிஎச்டி வீடியோக்கள் வரத் தொடங்கினது, பாத்தால் எல்லாம் நான்தான், ஆனா அந்த வீடியோக் கணக்கில பாத்தால் எங்கட ஒபிசில பாதிப்பேருக்கு இது இருக்கோணும். உலகளாவிய ஆய்வுகளைப் பாத்தால் பெரியாக்களில சுமார் 2.5 வீதத்துக்குத்தான் ஏடிஎச்டி எண்டு வருது. அப்ப மிச்ச ஆக்களுக்கு என்ன, எனக்கு என்ன, அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் போனது.

அரசாங்கக் கிளினிக்குக்கு முதல் காசு கட்டிப் பாத்த ஒரு தனியார் இடத்தையும் சொல்லோணும், அது தெரிஞ்சாத்தான் இந்தக் கிளினிக்கின்ர அருமை விளங்கும். தெற்குப் பக்கம், வீடியோ கோல்ல பாக்கலாம், வரிசையில நிக்கத் தேவையில்லை எண்டு விளம்பரம். சனல் பண்ணினாப் பிறகு போனுக்கு ஒரு படிவம் வந்தது, ஆறு கேள்வி, ஒருநாளும் இல்லை, இடைக்கிடை, அடிக்கடி எண்டு டிக் போட்டு அனுப்பிறது. பிறகு ஸ்கிரீனில ஒராள் வந்தார், என்ர சின்ன வயசைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல, நித்திரை எப்பிடி எண்டு கேக்கேல்ல, வேற வருத்தம் இருக்கோ, குளிசை குடிக்கிறீங்களோ எண்டும் இல்லை, மேசையில வச்ச தேத்தண்ணி ஆற முதல் உங்களுக்கு ஏடிஎச்டி எண்டு சொல்லி முடிஞ்சுது. கடைசியில வந்த முடிவும் அதேதான் எண்டாலும் அந்தாள் அதை எந்த ஆதாரத்தில சொன்னவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

அந்த ஆறு கேள்வி எங்கயிருந்து வந்தது எண்டு பிறகுதான் வடிவா வாசிச்சனான். அது ஏஎஸ்ஆர்எஸ் எண்ட படிவத்தின்ர முதல் பகுதி, உலக சுகாதார ஸ்தாபனத்தோட சேர்ந்து செய்தது, முழுசா 18 கேள்வி, கடந்த ஆறு மாசத்தில நீங்கள் எப்பிடி எண்டு கேக்கும். முதல் ஆறில நாலோ கூடவோ அடையாளமிட்ட பெட்டிக்குள்ள விழுந்தால் வடிவா ஒருக்காப் பரிசோதிக்க வேணும் எண்டுதான் அர்த்தம், அவ்வளவுதான் அதின்ர வேலை. தேர்மாமீற்றர் காய்ச்சல் இருக்கெண்டு சொல்லும், அது டெங்குவோ மலேரியாவோ எண்டு சொல்லாது. மனச்சோர்வில இருக்கிற ஆளும் அந்த ஆறில நாலுக்கு டிக் போடுவார், ஒழுங்கா நித்திரை கொள்ளாத ஆளும் போடுவார், கைக்குழந்தை வச்சிருக்கிற எந்தத் தாயும் ஆறுக்கும் போடுவா. பிரித்தானியாவின்ர நைஸ் எண்ட அமைப்பு 2018இல வெளியிட்ட வழிகாட்டியிலயும், படிவத்துப் புள்ளியை மட்டும் வச்சு ஏடிஎச்டி எண்டு சொல்லக்கூடாது எண்டு தெளிவாப் போட்டிருக்கு.

இனி கிளினிக். ஓபிடியில துண்டு எடுத்து, அங்கயிருக்கிற டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தர, அதைக் கொண்டு மனநலப் பிரிவுக்குப் போனால் கிளினிக் கொப்பி போட்டுத் தருவினம். காசு ஒண்டும் இல்லை. கிளினிக் நாளில காலமை வெள்ளன போகோணும், வாங்கு ஒண்டு பாமசி வரிசையைப் பாத்தபடி போட்டுக் கிடக்கு, அதில இருந்தால் ஊரில பிரஷர் மருந்து எடுக்க வந்த அவ்வளவு சனமும் உங்களைப் பாக்கும். நான் இருந்த அண்டு எங்கட ஒழுங்கைப் பெரியம்மா ஒராள் கிட்ட வந்து, என்ன பிள்ளை இந்தப் பக்கம், இது விசர்க் கிளினிக் எல்லோ எண்டு உரத்துக் கேட்டவ. ஓம் பெரியம்மா, எனக்கு விசர்தான் எண்டன், அவ சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியாமல் போயிட்டா.

முதல் தரம் மனநல மெடிக்கல் ஒபிசர் பாத்தார். என்ன பிரச்சினை, எவ்வளவு காலமா, வீட்டில ஆர் ஆர், வேற வருத்தங்கள், சாக எண்ணம் வருதோ, குடி சிகரெட் இருக்கோ, எல்லாம் கேட்டு எழுதினவர். பிறகு பெரிய டொக்டரிட்ட, எண்டால் மனநல வைத்திய நிபுணரிட்ட, வேற திகதி போட்டுத் தந்தவை, அண்டைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பழைய பள்ளிக்கூட ரிப்போட் இருந்தால் அதையும் கொண்டுவாங்கோ எண்டவை. கலியாணம் கட்டின ஆள் எண்டால் மனுசனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவினம், எனக்கு ரெண்டு பேரையும் வரச் சொன்னவை, வேற வேற நாளில.

பெரிய டொக்டர் ஒரு பொம்பிளை, யாழ்ப்பாணப் பக்கம். அவவிட்ட நீளமான பேட்டிப் படிவம் ஒண்டு இருந்தது, டிவா எண்டு பேர், நெதர்லாந்தில உருவாக்கினது, இப்ப டிவா-5 ஓடுது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின்ர டிஎஸ்எம்-5 கைநூலில ஏடிஎச்டிக்கு எண்டு 18 அறிகுறி போட்டிருக்கு, கவனம் சம்பந்தமா 9, துருதுருப்பும் அவசரபுத்தியும் சேர்த்து 9. டிவாவில அந்தப் பதினெட்டில ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் கேக்கிறது, இப்ப எப்பிடி, 5 வயசிலயிருந்து 12 வயசுக்குள்ள எப்பிடி எண்டு. ஓம் எண்டு சொன்னால் விடமாட்டா, உதாரணம் சொல்லுங்கோ, கடைசியா எப்ப நடந்தது, அதால என்ன நட்டம் வந்தது எண்டு தோண்டுவா. ஒரு இருப்பில முடியாது, ஒழுங்கா இருந்து கேட்டால் ஒண்டரை மணித்தியாலம் போகும், கிளினிக்கில அவ்வளவு சனத்துக்கு நடுவில அது ஏலாத காரியம் எண்டபடியால் துண்டு துண்டா வேற வேற நாளில எடுத்தவ.

படிவத்தில இருக்கிற உதாரணங்கள் கனக்க வெளிநாட்டு வாழ்க்கைக்கு எழுதினது. அதை அவ மாத்திக் கேட்டதுதான் எனக்குச் சரியாப் பிடிச்ச விசயம். முத்தத்தில நெல்லுக் காயப்போட்டிட்டு மழை வந்தது தெரியாமல் இருந்திருக்கிறீங்களோ? கடைக்கு மூண்டு சாமான் சொல்லி விட்டால் மூண்டும் வீட்டுக்கு வருமோ? கோயில்ல பூசை முடியும் வரைக்கும் ஒரு இடத்தில நிப்பீங்களோ, இல்லாட்டி இடையில வீதி சுத்தப் போயிடுவீங்களோ? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வருசா வருசம் செருப்புத் தொலைச்ச கதையைச் சொன்னன், அது எல்லாருக்கும் தொலையும், அது கணக்கில்லை எண்டு சிரிச்சா. எல்லாருக்கும் நடக்கிறது எது, இந்த ஆளுக்கு மட்டும் அளவுக்கு மிஞ்சி நடக்கிறது எது எண்டு பிரிக்கிறது லேசான வேலையில்லை, அதை இருந்து செய்யிறதுக்குத்தான் நிபுணர்.

சட்டதிட்டத்தையும் கேட்க விளங்கப்படுத்தினவ. 17 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களுக்கு ஒரு பக்கத்து ஒன்பதில குறைஞ்சது 5 இருக்கோணும், பிள்ளையளுக்கு 6. ஆறு மாசத்துக்குக் குறையாமல் இருக்கோணும். வேலையில மட்டும் இருந்து வீட்டில இல்லையெண்டால் அது வேலைத்தளத்துப் பிரச்சினையாக்கும், அதால ரெண்டு இடத்திலயாவது தெரியோணும். வாழ்க்கையில உண்மையான இடைஞ்சல் இருக்கோணும். வேற ஒரு வருத்தத்தால இன்னும் பொருத்தமா விளக்கக் கூடியதா இருக்கக்கூடாது. எல்லாத்தையும் விட வன்னிச் சனத்துக்குச் சிக்கலானது, பல அறிகுறிகள் 12 வயசுக்கு முதலே இருந்திருக்கோணும். முந்தி அது 7 வயசு எண்டு இருந்ததாம், 2013இல டிஎஸ்எம்-5 வரேக்கதான் 12 ஆக்கினவை.

ஏன் சிக்கல் எண்டு சொல்லுறன். வேற ஊர் ஆக்கள் பரணில ஏறி ரிப்போட் கொப்பியை எடுத்துக்கொண்டு வருவினம், பிள்ளை கவனம் குறைவு, வகுப்பில கதைக்கிறார் எண்டு ரீச்சர் சிவப்பு மையால எழுதினது இருக்கும். எங்களுக்கு எங்கால? 2008 கடைசியில கிளிநொச்சியால வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு போய் மெனிக் பாம் முகாமில போய் விழேக்க அம்மாவின்ர கையில இருந்தது ஒரு உரபாக்கு, அதுக்குள்ள பொலித்தீனால சுத்தின காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அப்பாவின்ர ஐசி, எங்கட தடுப்பூசி அட்டை, ஒரு சோடித் தோடு. ரிப்போட் கொப்பி எண்டு ஒண்டை ஆர் அந்த நேரம் நினைச்சது. டொக்டர் அதைக் கேட்டிட்டு, அம்மா அந்தத் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கோ எண்டு வாங்கிப் பாத்தவ, பிறப்பு நிறை, மாதம் குறைஞ்சு பிறந்ததோ, நடந்தது கதைச்சது எப்ப, குழந்தையில வலிப்பு வந்ததோ எண்டு அதில இருந்து தொடங்கினவ.

மற்றது, இங்க பிள்ளைப் பருவம் எண்டாலே சண்டை. பங்கருக்குள்ள இருந்து படிச்ச பிள்ளைக்குக் கவனம் சிதறாமல் வேற என்ன செய்யும். சத்தம் கேட்டால் திடுக்கிடுறது, ஒரு இடத்தில இருக்க ஏலாமல் வாசலைப் பாத்துக்கொண்டே இருக்கிறது, நித்திரையில்லை, ஞாபகமில்லை, கோபம் கெதியா வரும், இதெல்லாம் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வர்ற நெருக்கீட்டு வருத்தத்திலயும் இருக்கு, மேலோட்டமாப் பாத்தால் ஏடிஎச்டி மாதிரியே தெரியும். வீடியோ கோல் ஆள் இதைக் கேக்கவே இல்லை, நான் எந்த ஊர் எண்டே அந்தாளுக்குத் தெரியாது.

கிளினிக் டொக்டர் என்ன செய்தவ எண்டால், நான் பிறந்தது 1993, அப்ப 2002 மாசியில யுத்தநிறுத்த ஒப்பந்தம் வரேக்க எனக்கு 8, 9 வயசு, திரும்பச் சண்டை மூண்டது 2006இல, அப்ப எனக்கு 13. இடையில இருக்கிற அந்த வருசங்களை அவ பிடிச்சா. ஏ9 ரோட் திறந்து, மல்லாவியால திரும்ப எங்கட காணிக்கு வந்து, கொட்டில் போட்டு, செல்லடி இல்லாமல் கிபிர் விமானம் இல்லாமல் பள்ளிக்கூடம் போன காலம். அந்தக் காலத்தில இவ எப்பிடி இருந்தவ எண்டு சொல்லுங்கோ அம்மா, பயம் பதகளிப்பு ஒண்டும் இல்லாத நாளில எண்டு கேட்டவ. அதுக்கு முதல் 96இல கிளிநொச்சியால ஓடினதையும் கேட்டு எழுதினவதான், அந்த வயசில பட்டதும் உடம்பில நிக்கும் எண்டவ, ஆனா சண்டையில்லாத அந்த மூண்டு நாலு வருசத்திலயும் பிரச்சினை அதே அளவில இருந்துதெண்டால் 2009ஐ மட்டும் காரணம் காட்டேலாது எண்டது அவவின்ர கணக்கு. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப் சோதினையை ஒரு அடையாளக்கல்லாப் பிடிச்சு, அந்த வருசம் ஆர் வகுப்பு ரீச்சர், எந்த வாங்கு, ரியூசன் எங்க, பாஸ் பேப்பர் செய்யேக்க எவ்வளவு நேரம் இருப்பா எண்டு கேக்க, அம்மாவுக்கு எல்லாம் ஒண்டொண்டா வந்தது.

அம்மா கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டேலாது. டொக்டர் பிள்ளை, இவள் பேப்பரில முன்பக்கம் முழுக்கச் சரியாச் செய்வள், பின்பக்கம் ஒண்டு இருக்கெண்டே பாக்க மாட்டாள், அடியும் அடிச்சுப் பாத்தன், சத்தியமும் வாங்கிப் பாத்தன் எண்டவ. பிறகு குரலை இறக்கி, இவளின்ர தேப்பனும் இப்பிடித்தான், கிணத்துக்குத் தண்ணி அள்ளப்போய் வேலி கட்டிக்கொண்டு நிப்பார் எண்டவ. டொக்டர் அதையும் எழுதினவ, ஏடிஎச்டி பரம்பரையில கனக்கத் தங்கின விசயம், இரட்டைப் பிள்ளையளை வச்சுச் செய்த ஆய்வுகளில 70 இலிருந்து 80 வீதம் வரைக்கும் பரம்பரைப் பங்கு எண்டு வந்திருக்கு.

ரிப்போட் இல்லாத குறைக்கு, உங்களைப் படிப்பிச்ச ஆர் எண்டாலும் உயிரோட இருக்கினமோ எண்டு கேட்டவ. எங்கட அஞ்சாம் ஆண்டு ரீச்சர் இப்ப பென்சன் எடுத்து கனகராயன்குளப் பக்கம் மகளோட இருக்கிறா. போய்ச் சொன்னன், ஒற்றை றூல் பேப்பரில ரெண்டு பக்கம் எழுதித் தந்தவ, அதே பழைய வட்டமான கையெழுத்து. அதில இருந்தது இதுதான்: கட்டுரை எழுதச் சொன்னால் அருமையாத் தொடங்குவாள், முடிவு இருக்காது. கொம்பாஸ் பெட்டியும் தண்ணிப் போத்தலும் கிழமைக்கு ஒருக்கால் வகுப்பில கிடக்கும், தாய் வந்து வாங்கிக்கொண்டு போறவ. குழப்படி இல்லை, அமைதியான பிள்ளை, ஆனா கூப்பிட்டால் மூண்டாம் தரம்தான் திரும்பிப் பாப்பாள், முதல்ல காது கேக்காதாக்கும் எண்டு நினைச்சு டிஸ்பென்சரிக்கு அனுப்பினனான். இந்தக் கடைசி வரியை டொக்டர் ரெண்டு தரம் வாசிச்சவ. குழப்படி இல்லாத பெட்டையள்தான் கூடுதலாத் தவறிப் போறது எண்டு சொன்னவ, பெடியள் மேசைக்கு மேல ஏறி நிண்டால் எல்லாருக்கும் தெரியும், யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டிருக்கிற பெட்டையை ஆரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறேல்ல.

ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினவ. ஏடிஎச்டியைக் காட்டுற ரத்தப் பரிசோதனையோ தலை ஸ்கானோ கிடையாது, அப்பிடி இருக்கு, கொம்பியூட்டர் கேம் மாதிரி ஒரு டெஸ்டில கண்டுபிடிப்பம் எண்டு ஆரும் காசு கேட்டால் யோசியுங்கோ, அந்தக் கொம்பியூட்டர் டெஸ்டுகள் பக்கத்துணைக்குத்தான், அதை மட்டும் வச்சு முடிவெடுக்கிறேல்ல. எனக்கு எழுதினது தைரொயிட்டும் ஹீமோகுளோபினும். தைரொயிட் கூடினாலும் குறைஞ்சாலும் கவனம் போகும், ரத்தம் குறைஞ்சாலும் மூளை மந்தமாத்தான் ஓடும், எங்கட பக்கத்துப் பொம்பிளையளுக்கு அது கனக்க. மனுசனிட்ட, இவ நித்திரையில குறட்டை விடுறவவோ, மூச்சு நிண்டு நிண்டு வருதோ எண்டு கேட்டவ, நித்திரையில மூச்சடைப்பு இருக்கிற ஆக்களும் பகலில இப்பிடித்தான் திரிவினமாம். குறட்டை இல்லை எண்டு மனுசன் சொல்லிப்போட்டு, குறட்டை நான்தான் எண்டது தேவையில்லாத தகவல். மனச்சோர்வு, பதகளிப்பு, மனம் ஏறி இறங்குற இருதுருவ வருத்தம் எல்லாத்துக்கும் தனித்தனியாக் கேட்டவ. அதுகள் வந்து போகும், நல்லா இருந்த காலம் எண்டு ஒண்டு இருக்கும், ஏடிஎச்டி சின்னனிலயிருந்து ஒரே கோடா வரும், அந்தக் கோடு எங்க தொடங்கினது எண்டதைத்தான் தேடுறது எண்டவ.

இல்லை எண்டு சொல்லுறதும் அவைக்கு ஏலும் எண்டதுக்கு ஒரு உதாரணம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, அவரும் வீடியோ பாத்திட்டுத்தான் போனவர், எல்லா அறிகுறியும் இருக்கு. கேட்டுக்கொண்டு போக, சின்ன வயசில படிப்பில நல்ல ஒழுங்கு, எல்லாம் தொடங்கினது 2009இல தலையில செல் துண்டு பட்டாப் பிறகு. அது ஏடிஎச்டி இல்லை, தலைக்காயத்தால வந்த கவனக்குறைவு எண்டு சொல்லி அவரை வேற வழியில அனுப்பினவை, இரவில வர்ற கெட்ட கனவுக்கும் தனியா வைத்தியம் நடக்குது. அந்தாளுக்கு அந்த வீடியோ கோல் இடத்தில என்ன குளிசை எழுதியிருப்பினம் எண்டு யோசிச்சால் பயமாக் கிடக்கு.

என்ர முடிவு, கவனக்குறைவு கூடின வகை ஏடிஎச்டி. வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுறதும் இடைக்கிடை வர்ற கனவும் 2009இன்ர மிச்சம், அது தனி வருத்தம் எண்டு பேர் வைக்கிற அளவுக்கு இல்லை, ஆனா ரெண்டும் ஒராளுக்குச் சேர்ந்து இருக்கலாம், ஒண்டு இருந்தால் மற்றது இல்லை எண்டு நினைக்கக்கூடாது எண்டவ. எந்த அறிகுறிக்கு எந்த ஆதாரம் எண்டு கொப்பியில எழுதினதை எனக்கு வாசிச்சும் காட்டினவ. மருந்து தொடங்க முதல் பிரஷர், நாடித்துடிப்பு, நிறை எல்லாம் பாத்து, எனக்கோ குடும்பத்திலயோ இதய வருத்தம் இருக்கோ, இளவயசில திடீரெண்டு செத்த ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டவ. சண்டையில செத்த ஆக்களைக் கேக்கேல்ல எண்டு உடனயே சேர்த்துச் சொன்னா, இந்த ஊரில அதைச் சொல்லித்தான் ஆகோணும். நான் எடுக்கிறது மெதைல்பெனிடேற், கட்டுப்பாடான மருந்து, அளவாத்தான் தருவினம். குடிச்சு வேலை ஓடினால் அப்ப ஏடிஎச்டி சரிதான் எண்டு அர்த்தமோ எண்டு கேட்டன். இல்லையாம், ஏடிஎச்டி இல்லாத ஆளுக்கும் அது கொஞ்சம் கூர்மை குடுக்கும், அதால மருந்து வேலை செய்யிறதை வச்சு நோயைத் தீர்மானிக்கிறேல்ல எண்டவ. மருந்தைப் பற்றி இதுக்கு மேல எழுதேல்ல, ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இனிக் குறையள். முதலாவது கதவு. டொக்டரின்ர அறைக் கதவு சாத்தினால் காத்தில்லை, திறந்தால் வாங்கில இருக்கிற சனத்துக்கு எல்லாம் கேக்குது. நான் கதைக்கேக்க ஒருக்கால் அட்டென்டன் அண்ணை நடுவில வந்து கொப்பியளைக் கொண்டுபோறார், இன்னொருக்கால் மிஸ்ஸி வந்து கையெழுத்து வாங்குறா, நான் அழுதுகொண்டு இருக்கிறன். ஆரையும் பிழை சொல்லேல்ல, இடம் இல்லை, ஆனா இது மனநலக் கிளினிக், ஒரு திரைச்சீலையாவது போடலாம். ரெண்டாவது, எனக்குத் தந்த படிவங்கள் இங்கிலிசில. டொக்டர் இருந்து தமிழில சொன்னபடியால் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனா அம்மா மாதிரி ஆக்களுக்குத் தமிழில அச்சடிச்சு ஒண்டு இருந்தால் எவ்வளவு நல்லம். மூண்டாவது, நேரம். மாதக்கணக்கில இழுபடும், ஒவ்வொரு தரமும் அரை நாள் லீவு, கூலி வேலைக்குப் போற ஆளுக்கு அண்டைய சம்பளம் போச்சு. ஏடிஎச்டி இருக்கிற ஆளுக்குத் திகதி ஞாபகம் வச்சு வரச்சொல்லுறதும் ஒரு பகிடிதான், முதல்நாள் ஒரு மெசேஜ் போட்டால் பாதிப்பேர் தவறமாட்டினம். நாலாவது, டொக்டர்மாருக்கு இடமாற்றம் வரும், வந்தால் புது ஆளிட்ட முதல்ல இருந்து கதை சொல்லோணுமோ எண்ட பயம் எனக்கு இப்பவும் இருக்கு, அதால கொப்பியில எழுதினது எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கிறன்.

பிரதேச செயலகங்களில இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தர்மாரிட்டயும் முதல்ல போகலாம், கதைச்சு வழிகாட்டி கடிதத்தோட அனுப்பி விடுவினம், எனக்கு அப்பிடிப் போன ஆக்களைத் தெரியும். ஆனா ஏடிஎச்டி எண்டு தீர்மானிச்சு மருந்து எழுதிறது மனநல டொக்டர்தான், ரெண்டையும் குழப்பக்கூடாது.

போற ஆக்கள் கொண்டுபோக வேண்டியது: உங்களைச் சின்னனில தெரிஞ்ச ஒராள். அம்மா அப்பா இல்லையெண்டால் பெரியக்கா, மாமி, அம்மம்மா, முகாமில ஒரே கொட்டிலில இருந்த ஆள், ஆரெண்டாலும். கடிதமா எழுதி வாங்கினாலும் ஏற்பினம். பள்ளிக்கூடத்துச் சாமான் ஏதும் தப்பியிருந்தால் அது, இப்ப குடிக்கிற குளிசை எல்லாத்தின்ர மட்டையும், ஆயுர்வேதம் நாட்டு மருந்து எண்டாலும். வேலையில நடந்த உதாரணங்களைப் போனில முன்னமே எழுதி வையுங்கோ, அங்க போனால் ஒண்டும் ஞாபகம் வராது, எனக்கு வரேல்ல. கஞ்சா, சாராயம் பாவிக்கிற பெடியள் அதை ஒளிக்காமல் சொல்லுங்கோ, பொலிசுக்குச் சொல்ல மாட்டினம், ஒளிச்சால் தப்பான மருந்துதான் வரும்.

5க்கு 4 போடுறன். ஒண்டைக் குறைச்சது அந்தக் கதவுக்கு. உள்ளுக்க நடந்த வேலைக்கு மட்டும் எண்டால் அஞ்சும் குடுக்கலாம். துணுக்காய், மாந்தை, வெலிஓயாக் கரை எண்டு உள்ளுக்க இருக்கிற ஆக்கள் முதல் பஸ்சைப் பிடிச்சாலும் நம்பர் பின்னுக்குத்தான் வரும், கிட்டச் சொந்தக்காரர் இருந்தால் முதல்நாளே வந்து நில்லுங்கோ. கிளினிக் நாள் வரும் வரைக்கும் தாங்கேலாமல் இருந்தால், சாக எண்ணம் கிண்ணம் வந்தால், காத்திருக்காதேங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926க்கு அடியுங்கோ, 24 மணித்தியாலமும் எடுப்பினம்.